சலூன்காரர் கை வைத்த வாடாமல்லி

சலூன்காரருக்குக் கை சும்மா இருக்காது. கடையில் ஆள் இல்லையென்றால் துண்டில் தொங்கும் நூலை வெட்டுவார், செய்தித்தாளின் ஓரத்தை நேராக்குவார். மொட்டை மாடியில் மனைவி வளர்த்த வாடாமல்லிச் செடிகளில் கத்தரிக்கோல் வைத்ததும் இந்தப் பாழாய்ப்போன கைதான். மற்றபடி மனுஷன் தங்கம்.

அந்தச் செடிகளில்தான் மனைவி உயிரையே வைத்திருந்தாள். அவள் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தாய் போன பிறகு தங்கையை வளர்த்து ஆளாக்கியவள் இவள்தான். அந்தப் பெண்ணுக்குப் பூவாசனை ஆகாது. பக்கத்தில் ஒருத்தி பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்தாலே மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். இந்த வயது வரை தலையில் ஒரு பூ ஏறியதில்லை. கல்யாணத்தன்று பிளாஸ்டிக் பூ போதும் என்று அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். அக்காவுக்குத்தான் மனசு ஆறவில்லை.

வாடாமல்லிக்கு வாசனை கிடையாது என்று அவள் வேலைக்குப் போகும் சலவை நிலையத்தில் கூட வேலை செய்கிறவள் சொன்னாள். காய்ந்த பூக்கள் கொஞ்சமும் கொடுத்தாள். பூவை உதிர்த்தால் பஞ்சுக்குள் விதை ஒளிந்திருந்தது. ராத்திரி ஊறவைத்து, தொட்டிகளில் தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டாள். முளை வருவதாக இல்லை. தினமும் போய் முறைத்துப் பார்த்தால் விதை பயந்துவிடும் என்று சலூன்காரர் கேலி செய்தார். பிறகு முளைத்தது, வளர்ந்தது, உச்சியில் மொட்டும் வைத்தது.

அப்போதுதான் அவர் கடைத் துண்டுகளைக் காயப்போட மாடிக்குப் போனார். ஒரு செடி மற்றவற்றைவிடத் தலைதூக்கி நின்றது. அதை வெட்டினார். உடனே பக்கத்துச் செடி உயரமாகத் தெரிந்தது. கிருதாவை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று சரிசெய்கிற பழக்கம்! நிமிர்ந்து பார்த்தபோது எல்லாச் செடியும் ஒரே மட்டமாக நின்றது. மொட்டெல்லாம் காலடியில் கிடந்தது.

மனைவி கத்தவில்லை. மொட்டுகளைக் கூட்டி அள்ளினாள்.

"உங்களுக்கு அது வெறும் செடி. எனக்கு அது அவ தலையில வைக்கப்போற பூ. இனிமே மாடிப் பக்கம் வராதீங்க."

அதன் பிறகு அவளுக்கு என்ன வேண்டுமானாலும் சுவரிடம்தான் சொன்னாள். அவருக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் ஒருவருடைய மீசையைக் கோணலாக வெட்டி வாங்கிக் கட்டிக்கொண்டார். மனசு கேட்காமல் ஒருநாள் திருட்டுத்தனமாக மாடிக்கு ஏறினார். அங்கே அவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். துண்டு காயப்போட வந்ததாகச் சொன்னார். கையில் துண்டு இல்லை.

வெட்டிய ஒவ்வொரு தண்டிலும் இரண்டு பக்கமும் புதுக் கிளை வந்திருந்தது.

"கிளைச்சிருக்கே," என்றார்.

"கிளை பூவாகாது," என்றாள். ஆனால் அவரைப் போகச் சொல்லவில்லை.

மொட்டு தாமதமாகத்தான் வந்தது. கல்யாணம் நெருங்க நெருங்க இருவரும் நகத்தைக் கடித்தார்கள். கடைசியில் நினைத்ததைவிடச் சின்னதாக, ஆனால் செடி தெரியாத அளவுக்குப் பூத்துத் தள்ளியது.

கல்யாணத்தன்று காலையில் மனைவி பூவையெல்லாம் பறித்து அவர் கையில் கொடுத்தாள். அவரையே வைக்கச் சொன்னாள். பெண்களின் கூந்தலைத் தொட்டுப் பழக்கமே இல்லாத சலூன்காரருக்கு வியர்த்துவிட்டது. மணப்பெண் கண்ணை மூடி, பழக்கதோஷத்தில் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பூவைச் செருகிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். இன்னொன்றைச் செருகினார். அவள் கையை உயர்த்தி ஒன்றை உருவி, மூக்கில் அழுத்தி ஆழமாக மூச்சை இழுத்தாள். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

இழுத்த மூச்சு இழுத்தபடியே நிதானமாக வெளியே வந்தது.

"ஒண்ணும் பண்ணல, மாமா," என்றாள் அவள். "கையில அத்தனையை வச்சுக்கிட்டு ஏன் கஞ்சத்தனம் பண்றீங்க? எல்லாத்தையும் வைங்க."