அவிழ்க்காத காப்பு

முத்துலிங்கத்தின் வாயை அடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. தோட்டத்துத் துரைமார் எத்தனையோ பேர் முயன்று தோற்றுப் போனவர்கள். ஆனால் அன்றைக்கு அட்டன் டவுனில், வக்கீல் ஆபீஸ் படியேறி மூச்சு வாங்கி உட்கார்ந்த கையோடு, மகனுடைய அப்பீலை எடுத்திருந்த வக்கீலம்மா சரோஜாதேவி அதை ஒரே பேச்சில் அடைத்துவிட்டார்.

“ஐயா, உங்கட மகன் அண்டைக்கு எல்லை தாண்டித்தான் போயிருக்கிறான்.”

முத்துலிங்கம் கவ்வாத்து மலையில் தேயிலைச் செடி வெட்டுகிறவர். லிந்துலைக்கு மேலே இருக்கிற அவர்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் பூசாரியும் அவரே. ஆறு வருஷத்துக்கு முந்தி, தீமிதிக்குக் காப்புக் கட்டியிருந்த அவருடைய மகன் திலக்ஷனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அக்கா வேலை பார்த்த பக்கத்து டவுன் துணிக்கடை மேனேஜரை அடித்துக் கொன்றுவிட்டானாம். பையனுக்கு அப்போது பதினாறு வயது, மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை.

மஞ்சள் நூல் கையில் ஏறிவிட்டால், திருவிழா முடிந்து கட்டினவர் கையாலேயே அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தாண்டினவனோடு போகாது. கட்டினவருக்கும் தோட்டத்துக்கும் சேர்த்துக் கேடு. அதனால்தான் முத்துலிங்கம் கோர்ட்டில் ஏறி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: “என் கையால காப்புக் கட்டுன பய எல்லையத் தாண்ட மாட்டாங்க.” மனுஷன் பொய் சொல்லவில்லை, மனசார நம்பினார். பூசாரியே சொல்லிவிட்டார் என்று தோட்டத்திலிருந்து இன்னும் சிலர் போய் அதையே சொன்னார்கள். ஆனால் எதிர்க்கடைக் கமராவில் திலக்ஷன் ஓடி வந்ததும் ஓடிப் போனதும் பளிச்சென்று விழுந்திருந்தது. மொத்தத் தோட்டமும் கூடிப் பொய் சொல்கிறது என்றது கோர்ட். களவெடுக்க வந்தவன்தான் கொன்றான் என்று முடிந்தது வழக்கு. வயது குறைவென்று தூக்கு இல்லை. ஆயுள் முழுக்க உள்ளே.

“யாரு மேடம் அப்புடிச் சொன்னது?” முத்துலிங்கத்துக்குக் குரல் திரும்ப வந்தபோது அது அறை முழுக்க இடித்தது.

“உங்கட மகள் கிருஷாந்தி. சத்தம் போடாதேங்கோ, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. அவன் போகவே இல்லை எண்டு நிண்டால், ஏன் போனான் எண்டு கேக்க ஒருத்தருக்கும் இடமில்லை. அப்ப அவன் கள்ளன்தான். போனான் எண்டு சொன்னால்தான், அக்காவைக் காப்பாத்தப் போனான் எண்டு சொல்லலாம். புதுச் சாட்சியை அப்பீல் கோட் லேசில எடுக்காது. எண்டாலும் கேட்டுப் பாப்பம். ஆனா அவன் வாய் திறக்க வேணும். நான் போனால் தலையைக் குனிஞ்சுகொண்டு இருக்கிறான், கையெழுத்தும் வைக்கிறான் இல்லை.”

பஸ்ஸில் வரும்போதெல்லாம் முத்துலிங்கம் கொதித்துக்கொண்டேதான் வந்தார். லயத்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமலே உள்ளே போனவர், மகளைப் பார்த்ததும் ஓங்கின கையை இறக்கிவிட்டார். அவள் ஏற்கெனவே அழுது முடித்துவிட்டு, கேட்கட்டும் என்று தயாராக நின்றாள்.

“கடையப் பூட்டுற நேரம்ப்பா. எல்லாப் புள்ளைகளும் போயிருச்சு. அந்த ஆளு என்னைய உள்ள வச்சு ஷட்டர இழுத்துட்டாரு. ஒங்களுக்குத்தான் மொதல்ல போன் எடுத்தேன். கோயில்ல இருந்தீங்க, போன் ஓஃப். தம்பி எடுத்தான். ஓடியாந்து ஷட்டரத் தூக்குனான். அந்த ஆளு அவன் கழுத்தப் புடிச்சு நெரிச்சாரு. பக்கத்துல கெடந்த ஷட்டர் கம்பிய எடுத்து ஒரே ஒரு அடிதான்ப்பா. நீ பின்பக்கமா போயிரு அக்கான்னு என்னையத் தள்ளி விட்டுட்டு, அப்பாகிட்ட மட்டும் சொல்லிறாத, நான் எல்லை தாண்டுனது தெரிஞ்சா மனுசன் செத்துருவாருன்னு சொன்னான்.”

“அதுக்காக? கோட்ல வந்து சொல்றதுக்கென்ன?”

“நீங்க முந்திக்கிட்டு ஏறிச் சொல்லிட்டீங்களே. அதுக்குப் பொறகு நான் ஏறி என்னான்னு சொல்ல? எங்கப்பா சொன்னது பொய்யின்னா?”

அடுப்படியிலிருந்து மனைவி பேச்சியம்மா வந்தாள். “அவள ஏன் வையிறீங்க? நான்தான் வாயப் பொத்துனேன். சொன்னா பொட்டப்புள்ள பேரு கெட்டுப் போகும், சொல்லாட்டி ஒங்க வாக்கு நிக்கும், பய வந்துருவான்னு நெனச்சேன். பாவி, ரெண்டையும் கெடுத்தேன்.” சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்துவிட்டாள்.

முத்துலிங்கத்துக்கு ஆத்திரம் யார்மேல் என்று தெரியவில்லை. தேடிப் பார்த்தால் அது தன்மேலேயே வந்து நின்றது.

இத்தனை வருஷமும் பேச்சியம்மாவை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தவர், அந்தக் கிழமையே சிறைச்சாலைக்குப் போனார். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் திலக்ஷன். தோள் அகன்று தாடி வளர்ந்து வேறு ஆளாகியிருந்தான். கண் மட்டும் பழைய கண்.

“அக்கா எல்லாத்தையும் சொல்லிருச்சுடா. வக்கீலம்மாகிட்ட உள்ளதச் சொல்லிரு. இந்த ஒரு வழிதான் இருக்காம்.”

“நான் எங்கயும் போகலப்பா.”

“டேய்!”

“போகல.” அவன் சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டை மறைத்தான். மறைக்கிற அவசரத்திலேதான் முத்துலிங்கம் அதைப் பார்த்தார். கறுத்து நைந்துபோன நூல். அவர் கட்டின காப்பு.

திருவிழா முடிந்த அன்று மஞ்சள் நீராட்டி எல்லோருக்கும் காப்பு அவிழ்த்தவர், போலீஸ் கூட்டில் இருந்த மகனுக்கு அவிழ்க்கவில்லையே என்று ஒரு நாளாவது நினைத்தாரா? இல்லை. நூலில் கட்டியிருந்த மஞ்சள் கிழங்கைப் போலீஸ்காரர்கள் பிய்த்து எறிந்திருந்தார்கள். நூலைச் சிறையில் யாரும் தொடவில்லை. புத்த பிக்குமார் ஓதிக் கட்டுகிற பிரித் நூல் என்று நினைத்துக் காவலர்கள் மரியாதையோடு விட்டுவிட்டார்களாம்.

“இது கையில இருக்கறப்ப தாண்டுனேன்னு என் வாயால சொன்னா ஒங்களுக்கு ஏதாச்சும் ஆயிரும்ப்பா. ஆனது போதும். நான் தாண்டுனதுக்குப் பொறகு பேஞ்ச மழையிலதான் அழகுமுத்து மாமா வீட்டு மேல மண்ணு சரிஞ்சுச்சு. அத்தையும் பாப்பாவும் போயிட்டாங்க. யாரோ செஞ்ச குத்தம்னு கோயில்ல நீங்க சொன்னீங்களாமே, அம்மா வந்தப்ப சொன்னுச்சு. அந்த யாரோ நான்தான்ப்பா. எனக்கு ஒரு கொலை இல்ல, மூணு. ஆயுசுக்கும் இங்க கெடக்குறதுதான் சரி.”

முத்துலிங்கம் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆமாம், சொன்னார். மண்சரிவுக்கு மறுவாரம், ஆத்தாள் முன்னால் நின்று, கணீரென்று சொன்னார். அன்றைக்கு அவருக்கு அது பெரிய பேச்சாக இருந்தது. அந்தப் பேச்சு பஸ் ஏறி, மலை இறங்கி, தன் பிள்ளையின் தலையில்தான் போய் விழுந்திருக்கிறது. ஐயோ, என்ன வேலை செய்து வைத்திருக்கிறாய் முத்துலிங்கம்!

திரும்பி வந்தவர் நேராக அழகுமுத்துவின் தகரக் கொட்டகைக்குத்தான் போனார். சரிவில் வீடு போனவர்களுக்குத் தற்காலிகம் என்று சொல்லிக் கொடுத்தது. அது இன்னும் தற்காலிகமாகவே இருக்கிறது. அழகுமுத்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

“ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும். காப்போட என் மவன் எல்லை தாண்டிட்டான். கோட்ல நான் சொன்னது பொய்யி. ஒன் பொண்டாட்டி புள்ள போனதுக்கு அவன்தான் காரணம்னு அவன் நெனைக்கிறான். நீயும் அப்புடி நெனச்சீன்னா என்னைய அடிச்சுரு.”

அழகுமுத்து கோப்பையைக் கீழே வைத்தார்.

“குத்தம் குத்தம்னு அன்னைக்கு நீங்க சொன்னீங்களே, என் பொண்டாட்டி செஞ்ச குத்தமோன்னு நான் எத்தன நாளு அழுதிருப்பேன், தெரியுமா ஒங்களுக்கு?” குரல் உடைந்து, பிறகு ஏறியது. “மேட்டுல கான் அடைச்சுக் கெடக்கு, மழத்தண்ணி ஓட வழியில்லாம லயத்துக்குப் பின்னால எறங்குதுன்னு கணக்கப்புள்ளகிட்ட சொன்னேன், தொரைகிட்ட சொன்னேன். வாயி வலிச்சதுதான் மிச்சம். ஒருத்தன் மம்பட்டி எடுத்துக் கான வெட்டியிருந்தா எம்புள்ள இருந்திருக்கும். ஆத்தாளா வந்து கான அடைச்சா? அக்கா கூப்புட்டுச்சுன்னு ஓடுன பயலுக்காக மலைய எறக்குறவளா அவ? நீங்க பூசாரி, ஒங்களுக்கே தெரியலன்னா நான் என்னத்தச் சொல்ல!”

அழகுமுத்து இன்னொரு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி அவர் பக்கம் தள்ளினார். “குடிங்க. குடிச்சிட்டுப் போயி, நான் சொன்னேன்னு பயகிட்ட சொல்லுங்க.”

மறுபடி போகும்போது சரோஜாதேவியும் கூட வந்தார். வாக்குமூலம் எடுக்க வேண்டும் என்று மேலிடத்தில் கேட்டு ஒரு அறை வாங்கியிருந்தார். காப்பு அவிழ்க்க முத்துலிங்கம் மடியில் கொண்டுபோன மஞ்சள் கிழங்கை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். போகட்டும், மேசைமேல் குடிக்கிற தண்ணீர் இருந்தது.

திலக்ஷனைக் கூட்டிவந்து எதிரே உட்கார வைத்தார்கள். தலை குனிந்தபடியே இருந்தான்.

“கைய நீட்டு.”

“வேணாம்ப்பா.”

“நீட்டுறா. கட்டுனவன் நான், அவுக்குறவனும் நான்.” குரலை இறக்கினார். “அழகுமுத்து சொல்லச் சொன்னான். கான் அடைச்சுத்தான் மண்ணு சரிஞ்சுச்சாம். ஒன்னால இல்லையாம். நான் கோயில்ல சொன்னது தப்புடா. கோட்ல சொன்னதும் தப்பு. வார வெள்ளிக்கெழமை கோயில்ல நின்னு எல்லாருக்கும் முன்னால சொல்லப் போறேன். பூசாரி வேணாம்னா போகட்டும், எனக்குக் கவ்வாத்துக் கத்தி இருக்கு. எனக்கு நீ வேணும்டா, எஞ்சாமி.”

கை மெல்ல மேசைக்கு வந்தது. முத்துலிங்கம் தண்ணீரைத் தொட்டு நூலை நனைத்தார். வாய்க்குள் ஆத்தாளைக் கூப்பிட்டார். முடிச்சை நெகிழ்த்தப் பார்த்தார். வருஷக்கணக்கில் வேர்வையும் அழுக்கும் ஏறி அது கல்லாகிவிட்டிருந்தது. கத்தி பிடித்துக் காய்த்த விரல் வழுக்கியது. கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினார். பிறகு சட்டென்று குனிந்து, மகனுடைய மணிக்கட்டை வாயருகே கொண்டுபோய், வெற்றிலைக் கறை ஏறின பல்லால் நூலைக் கடித்தார்.

“மொக்கத கரன்னே!” என்ன செய்கிறாய் என்று கத்திக்கொண்டு வாசலில் நின்ற காவலர் பதறி ஓடிவந்தார். சரோஜாதேவி எழுந்து சிங்களத்தில் என்னவோ சொல்ல, அவர் அப்படியே நின்றார்.

நூல் அறுந்தது. அது இருந்த இடத்தில் தோல் வெளுத்து ஒரு வளையம் தெரிந்தது. திலக்ஷன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தான், அவருக்கு ஏதாவது ஆகிறதா என்று பார்க்கிறவன் மாதிரி. முத்துலிங்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர்தான் நிற்காமல் ஊற்றியது.

“அண்டைக்குப் பின்னேரம் எங்க நிண்டனீர், தம்பி?” என்று சரோஜாதேவி மெதுவாகக் கேட்டார்.

“டவுன்ல மிஸ்,” என்றான் திலக்ஷன். “அக்கா கூப்புட்டுச்சு. ஓடுனேன்.”

சரோஜாதேவி எழுதத் தொடங்கினார்.