இரவல் போன ஓட்டு

வெர்னா ஹால்வர்சன் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மாநிலச் சட்டமன்றக் கூடத்துக்குள் திரும்பியபோது கைதட்டல் ஓய்ந்துகொண்டிருந்தது. எதிர் ஹோட்டலில் இன்சூரன்ஸ்காரர்கள் கொடுத்த விருந்து. பேச்சு சுவாரசியத்தில் நேரம் போனதே தெரியவில்லை.

நிமிர்ந்து சுவரிலிருந்த வாக்குப் பலகையைப் பார்த்தாள். சிற்றூர்களின் ஆம்புலன்ஸ் நிதியை நிறுத்தும் மசோதா ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியிருந்தது. அவள் பெயருக்கு நேரே பச்சை விளக்கு எரிந்தது. ஆதரவு.

ஸ்கூல் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவளை நான்கு முறை ஜெயிக்கவைத்து இங்கே அனுப்பியவர்கள் எல்ம்ஸ்டெட் ஊர்க்காரர்கள். இந்த மசோதாவை எதிர்ப்பேன் என்று போன ஞாயிறுதான் தேவாலயத்தில் அவர்கள் முகம் பார்த்துச் சொல்லியிருந்தாள்.

"யாரு என் ஓட்டுப் பட்டனை அமுக்கினது?" என்று கேட்டாள்.

பக்கத்து இருக்கை ராய் டிட்வெல், கட்சியின் மூத்த உறுப்பினர், மிட்டாயைச் சப்பியபடி சொன்னார்: "நான்தான். நம்ம கட்சி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அமுக்கிட்டேன்."

"நான் எதிர்க்கப்போறவ, ராய்."

"எங்கிட்ட சொன்னியா? 'பாத்துக்குங்க'ன்னுட்டு எழுந்து போன. பாத்துக்கிட்டேன். போன வாரம் நான் கோல்ஃப் ஆடப் போனப்ப எனக்கு யாரு அமுக்கினதாம்?"

அமுக்கியது அவள்தான். எந்த மசோதா என்றுகூடப் பார்க்கவில்லை.

கைப்பையில் போன் அதிர்ந்தது. கணவன் கார்டன். இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சு வலியில் சமையலறையில் சரிந்தவனை எல்ம்ஸ்டெட் ஆம்புலன்ஸ்தான் உயிரோடு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. வெர்னா நடைக்கூடத்துக்கு வந்து போனை எடுத்தாள்.

"டி.வி.யில பாத்துக்கிட்டிருக்கேன். ஏன் இப்படிப் பண்ணின வெர்னா?"

"நான் ஓட்டுப் போடல கார்டன். நான் அங்க இல்லவே இல்ல. ராய்தான் எனக்காக அமுக்கிட்டாரு."

மறுமுனையில் அவன் டி.வி.யை அணைப்பது கேட்டது.

"மனசு மாறிட்டியோன்னு நினைச்சேன்" என்றான் மெதுவாக. "இது அதைவிட மோசம்."

போனை வைத்தாள். நேரே சபாநாயகரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மறுபடி ஓட்டெடுக்கச் சொல்லிக் கேளு. ஜெயிச்ச பக்கம் ஓட்டு விழுந்திருக்கிறதால உனக்கு அந்த உரிமை இருக்கு. யோசிச்சுப் பாத்தேன், மனசு மாறிட்டேன்னு சொல்லிடு. அதோட நிறுத்திக்க. மத்ததைப் பேசினா உனக்கும் நல்லதில்ல, இங்க இருக்கிற யாருக்கும் நல்லதில்ல."

வெர்னா தன் இருக்கைக்குப் போய் மைக்கை இயக்கினாள்.

"மறுபடி ஓட்டெடுக்கணும்னு கேட்டுக்கிறேன். எனக்கு மனசு மாறல. ஓட்டெடுக்கும்போது நான் விருந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். என் பட்டனை இன்னொருத்தர் அமுக்கினாரு. நானும் மத்தவங்களுக்கு இப்படிப் பலமுறை அமுக்கியிருக்கேன்."

சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ராய் மிட்டாயைத் துப்பிக் காகிதத்தில் சுற்றினார். எல்லோரும் அவரவர் இடத்தில் உட்கார, மறுபடி ஓட்டெடுத்தார்கள். இம்முறை வெர்னாவே சிவப்புப் பட்டனை அமுக்கினாள். மசோதா ஒரே ஓட்டில் தோற்றது.

மன்றம் அவளைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. ராயைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த தேர்தலில் கட்சி அவளுக்குப் பதிலாக வேறொருவரை நிறுத்தியது.

அவள் தன் மேசையைக் காலி செய்த அன்று ராய் கேட்டார்: "ஒரு பட்டனுக்காகப் பதவியவே தொலைச்சிட்டியே, பைத்தியமா நீ?"

வெர்னா பெட்டியைக் கீழே வைத்தாள். "அந்தப் பட்டன் நம்ம சொத்து இல்ல ராய். எல்ம்ஸ்டெட்ல அத்தனை பேரும் வேலையை விட்டுட்டு, வரிசையில நின்னு, நம்பி என் கையில குடுத்தது. வாங்கினவ கூடவே இருந்து காப்பாத்தணும். அதை இன்னொருத்தருக்கு இரவல் குடுத்தா, அது திருட்டுதான்."