முதலாளி செருப்பு மாட்டும்வரை

கூட்டத்தில் இருந்தவர்கள்: சுழல் நாற்காலியில் முதலாளி சுந்தரலிங்கம். அவருக்கு வலப்பக்கம் ஸ்டூலில் பழைய கணக்கர் ஒச்சாண்டி. மின்விசிறிக்கு நேர்கீழே, பில் போடப் புதிதாகச் சேர்ந்த திரிஷா. கதவோரம், கடிதம் எழுதும் நான். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்ததே திரிஷாவின் முதல் குற்றம். அது ஒச்சாண்டி அண்ணனின் இடம்.

காமயகவுண்டன்பட்டியில் எங்கள் திராட்சை மண்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலாளி எழுந்து செருப்பை மாட்டும்வரை யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. திராட்சை ஏற்றிய கேரளா லாரி மாலையிலேயே கிளம்பிவிடும். அதன்பின் இருட்டும்வரை விசுவாசமாக உட்கார்ந்திருப்போம். திரிஷாவோ ஆறு அடித்ததும், "வாரேன் சார்" என்று போய்விடுகிறாள். அவளை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்பதுதான் பேச்சு.

"எஞ்சம்சாரம் பெரியகுளத்துல பிள்ளை பெத்தப்பக்கூட நான் இந்த ஸ்டூல விட்டு எந்திரிக்கல, தாயி" என்றார் ஒச்சாண்டி.

"பெரியம்மா ஒண்ணும் சொல்லலையா பெரியப்பா?" என்று கேட்டாள் திரிஷா.

"இன்னைக்கு வரைக்கும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கா."

"சரி, ஆறு மணிக்கு மேல என்ன வேலை பாக்குறீக?"

ஒச்சாண்டி திகைத்தார். "முதலாளி உக்காந்திருக்காகல்ல? அவுகள விட்டுட்டு எப்படிப் போறது?"

முதலாளி நிமிர்ந்தார். "ஏலே, நீங்க வேலை பாக்குறீகளேன்னுல்ல நான் உக்காந்திருக்கேன்! வீட்டுல தோசை ஆறி வறட்டியாப் போகுது!"

ஒச்சாண்டி ஸ்டூலிலிருந்து பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

"இத்தனை வருசமாவா?" என்று திரிஷா சிரித்துவிட்டாள். அதைத்தான் அவள் செய்திருக்கக் கூடாது.

முதலாளியின் முகம் கறுத்தது. "சிரிக்கிற பிள்ளை இங்கன சரிப்படாது. வீட்டுக்குப் போ. கடிதாசி வரும்."

"அனுபவச் சான்றிதழும் சேத்து வைங்க சார். என்ன அனுபவம்னு மட்டும் எழுதிராதீக." பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

முதலாளி சொல்லச் சொல்ல எழுதினேன்: 'தாங்கள் நேரத்தின் அருமை அறியாதவர் என்பதால் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள்.' ஒச்சாண்டி தன் பங்குக்கு, 'நிறுவனத்தின் ஒற்றுமையைக் கருதி' என்பதைச் சேர்க்கச் சொன்னார். உறையில் பசை தடவி ஒட்டினேன்.

"இன்னைக்கே போயிரணும்" என்றார் முதலாளி.

கூரியர் கடையை ஆறு மணிக்குச் சாத்திவிடுவார்கள்; மணி ஆறாகப் போகிறது. வேறு வழியில்லை, எழுந்தேன். முதலாளியின் செருப்பு வாசலில் அப்படியே கிடந்தது.

"திரும்பி வந்துருவேல்ல?" ஒச்சாண்டியின் குரலில் பொறாமை இருந்தது.

கூரியர்காரர் உறையை வாங்கி, முத்திரை குத்தி, மூட்டையில் போட்டார். ஷட்டரை இழுத்தார். நான் மண்டிப் பக்கம் திரும்பவில்லை.