அடிமண்டி

திராட்சைப் பந்தலுக்குக் கீழே எப்போதும் பச்சை வெளிச்சம். மழை விட்ட பிறகு அது இன்னும் கொஞ்சம் பச்சை. கொத்துகளின் கறுப்பின் மேல் சாம்பல் பூச்சு. விரல் பட்டால் தடம் விழும்.

அந்தப் பச்சைக்குள் ஒரு வெள்ளைச் சுடிதார் குனிந்து வந்தது. ஒரு பழத்தைப் பறித்தது. கடித்தது. விதையை உள்ளங்கையில் துப்பி உற்றுப் பார்த்தது.

பழத்தை விட்டுவிட்டு விதையைப் பார்க்கிறவள். நான் நம்பவில்லை.

பெயர் மைதிலி. ஒயின் ஆலோசகர். அப்படி ஒரு வேலை இருப்பதே திராட்சை விவசாயிகள் சங்கம் அவளைக் கூட்டி வந்தபோதுதான் எனக்குத் தெரியும். நாசிக்கில் படித்தவளாம். வெளிநாட்டு அறுவடையெல்லாம் பார்த்தவளாம். கம்பம் பள்ளத்தாக்கில், எங்கள் சம்மனசுப்பட்டியில், கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வீடு போடுகிற ஒயினை மீட்டெடுக்க வந்திருக்கிறாளாம்.

மீட்டெடுக்க. நாங்கள் அதை எப்போது தொலைத்தோம்?

எல்லா வீட்டு அடுப்படியிலும் ஜாடி இருக்கிறது. வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, போலீஸ் கண்ணில் படாமல், மூலையில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. அதனால் முதலில் அவளைப் போலீஸ் என்று நினைத்தோம். சர்க்கார் லைசென்ஸைக் காட்டினாள். சரி, போலீஸ் இல்லை, ஏதோ கம்பெனி என்று நினைத்தோம்.

அவள் சிரித்துச் சிரித்துப் பேசினாள். நான் நம்பவில்லை.

ஆனால் எனக்கு அவள் வேண்டியிருந்தது. கொடுமை அதுதான்.

பன்னீர் திராட்சையை இப்போது யார் கேட்கிறார்கள்? விதையில்லாததைக் கேட்கிறார்கள். இவள் போடுகிற ஒயின் நன்றாக வந்தால் சங்கமே ஆலை வைக்கும், எங்கள் பன்னீரை முழுக்க எடுத்துக்கொள்ளும். வராவிட்டால் என் பந்தல் இருக்காது.

என் வீட்டுக்காரர் போன பிறகு தோட்டம் என் பேரில். கிணறு அவர் தம்பி சந்தியாகு பேரில். தோட்டம் இருந்தும் தண்ணீருக்கு நான் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கெட்டவன் இல்லை. "இந்தத் தடவ பாப்போம் மதினி. சரியா வரலன்னா கல்லப் பிடுங்கிட்டு வாழையப் போட்ருவோம்" என்றான். பதமாகத்தான் சொன்னான். பதமாகச் சொன்னதால் திருப்பிச் சண்டை போடவும் முடியவில்லை.

அந்தக் கல்தூண்களை நட்டது நானும் அவரும். கல்யாணமான புதிது. அவர் குழியில் நின்று பிடிக்க, நான் தோள் கொடுத்து நிமிர்த்தினேன். மழைக்காலத்தில் அந்தத் தோள் இன்னும் வலிக்கிறது. வலித்தால் எனக்குச் சந்தோஷம்.

ஊரில் ஒயினுக்குப் பேர் போன வீடுகள் ஐந்து. ஒன்று என்னுடையது. மைதிலி ஐந்து வீட்டுக்கும் வந்து உட்கார்ந்து கேட்கப் போகிறாள் என்று தெரிந்தது. ஜெபமாலை முடிந்து கோயில் வாசலில் கூடினோம்.

பக்கத்து வீட்டு மங்களமேரிதான் சொன்னாள். "கேட்டா சொல்லுவோம். ஆனா எல்லாத்தையும் சொல்லணும்னு ஆண்டவரே சொல்லலியே."

ஐந்து பேரும் தலையாட்டினோம். யார் எதை மறைப்பது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

அவள் வந்தாள். நான் சொன்னேன். மருந்தடித்த பழம், நன்றாகக் கழுவி ஈரம் போக உலர்த்த வேண்டும். கையால் பிசைய வேண்டும். மிக்ஸி ஆகாது, விதை அரைபட்டால் கசக்கும். சீனி. ஒரு கை வறுத்த கோதுமை. பட்டை, கிராம்பு. மரக்கரண்டி. தினமும் ஒரு கிண்டு.

எல்லாம் சொன்னேன். அடிமண்டியைச் சொல்லவில்லை.

போன கிறிஸ்துமஸ் ஒயினை வடித்த பிறகு ஜாடியின் அடியில் தங்குகிற செக்கச் சிவந்த சேறு அது. அதை ஒரு சின்ன பாட்டிலில் எடுத்து, மாதம் ஒரு துண்டு கருப்பட்டி போட்டு, உயிரோடு வைத்திருப்பேன். புதுச் சாற்றில் அதை ஊற்றினால்தான் ஜாடி பேசும். முணுமுணுவென்று, வாய்க்குள் ஜெபம் சொல்வது போல. ஊற்றாவிட்டால் சாறு ஊமை.

மண்டியை வெளியே கொடுக்கக் கூடாது. இருக்கிறது என்றும் காட்டக் கூடாது. யாராவது கேட்டால், போன வருசமே கழுவி ஊத்திட்டேன் என்று சொல்லிவிட வேண்டும். நான் மங்களமேரியிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அவளும் என்னிடம் அப்படித்தான் சொன்னாள்.

அவள் சொன்னதை மட்டும் நம்பினேன். மண்டி இல்லாமல் அவள் ஜாடி எப்படிப் பேசுகிறது? ரொட்டிக்கடை ஈஸ்ட்டை வாங்கிப் போடுகிறாள். அப்படித்தான் வருடக்கணக்காக நினைத்துக்கொண்டு, அவள் கொடுத்த ஒயினைப் பல்லைக் கடித்துக்கொண்டு குடித்து வந்தேன்.

சங்கத்துக் கொட்டகையில் மைதிலி வேலையை ஆரம்பித்தாள். கழுவினாள். பிசைந்தாள். பெரிய பீப்பாய் நிறையச் சாறு. பொட்டல ஈஸ்ட் ஒரு சிட்டிகைகூடப் போடமாட்டேன், போட்டால் அது உங்கள் ஒயின் இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

பிறகு மழை. கொட்டகைத் தகரத்தின் மேல் மழை. அவள் பீப்பாயில் காதை வைத்துக் கேட்டாள். மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும். மேலே மழை அவ்வளவு பேசியது. உள்ளே சாறு வாயைத் திறக்கவில்லை.

மறுபடி வீடு வீடாக வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "அக்கா, எதாவது சொல்ல விட்டுட்டீங்களா?"

"சொன்னது அம்புட்டுத்தான் மேடம்."

போகாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் நம்பவில்லை. முதல்முறையாக அவளை எனக்குப் பிடித்தது.

நான் ஒன்றைத்தான் மறைத்தேன். மற்ற நால்வரும் என்னென்ன மறைத்தார்களோ? மங்களமேரி சீனிக் கணக்கைத் தப்பாகச் சொல்லியிருப்பாள். லூர்து கோதுமையை வறுக்காமல் போடச் சொல்லியிருப்பாள். குழாயடியில் அவர்கள் என்னைப் பார்த்த பார்வையும் சரியில்லை. பேச்சு குறைந்தது. நின்றது.

சந்தியாகு ஒரு நாள் தோட்டத்துக்கு வந்தான். கையில் கடப்பாரை. முதல் கல்தூணில் அதைச் சாய்த்து வைத்துவிட்டுப் போனான்.

மழையில் கடப்பாரை நனைந்தது. துரு கரைந்து கல்லின் மேல் சிவப்பாக வழிந்தது. பந்தல் போனால் இந்த மண்டியை எதில் ஊற்றுவேன்? வாழைக்குலையிலா?

மத்தியானத் தூறல். பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, ஒரு கையில் குடையோடு கிளம்பினேன். தெருமுனையில் இன்னொரு குடை. மங்களமேரி.

எங்கே இந்தப் பக்கம் என்று கேட்டாள். சும்மா என்றேன். நீ எங்கே என்றேன். நானும் சும்மாதான் என்றாள். அவள் இடது கை முந்தானைக்குள் இருந்தது.

அவளுக்குப் பின்னால் லூர்து. அவளும் சும்மா. கோயில் சந்திலிருந்து இன்னும் இரண்டு குடைகள். தூறுகிற மத்தியானத்தில் ஐந்து பெண்கள் சும்மா நடந்தோம். ஆளுக்கு ஒரு கைதான் வெளியே தெரிந்தது. யாரும் யார் முந்தானையையும் பார்க்கவில்லை.

நான் எட்டி நடந்தேன். முதலில் போய்ச் சேர வேண்டும். கொட்டகைக் கதவை நான்தான் தள்ளினேன்.

மைதிலி மேசை முன்னால் நின்றிருந்தாள். ஒரு கையில் கத்தரிக்கோல். இன்னொரு கையில் வெள்ளிக் காகிதப் பொட்டலம். மேலே இங்கிலீஷ் எழுத்து. கத்தரிக்கோலின் வாய் பொட்டலத்தின் மூலையைக் கவ்வியிருந்தது.

அது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது.

என் சந்தேகம் தப்பே இல்லை. சத்தம் போட்டிருக்கலாம். ஆனால் அவள் கண்ணுக்குக் கீழே கறுப்பு இன்னும் கூடியிருந்தது. நான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன், பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியாதபடி. ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அவள் பொட்டலத்தை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். அப்புறம்தான் நகர்ந்தேன். பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன் மேடம்."

பக்கத்தில் இன்னொரு பாட்டில் வந்து உட்கார்ந்தது. இருமல் மருந்து பாட்டில். மங்களமேரியுடையது. அதன் பக்கத்தில் லூர்துவுடையது. அப்புறம் இன்னும் இரண்டு. ஐந்து பாட்டில். ஐந்திலும் செக்கச் சிவந்த சேறு.

"கழுவி ஊத்திட்டேன்னு சொன்னியேக்கா" என்றாள் மங்களமேரி.

"நீயுந்தான சொன்ன."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் ஏமாற்றியிருக்கிறாள். அப்புறம் வெட்கம். அப்புறம் யாரோ சிரித்தார்கள். சிரித்தது நானாகவும் இருக்கலாம்.

மைதிலி ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து முகர்ந்தாள். கடைசிப் பாட்டிலில் அவள் கண் கலங்கியது. நெடி என்றாள். நான் நம்பவில்லை.

ஒரே பீப்பாய். ஐந்து பேரும் ஊற்றினோம். மங்களமேரி எவ்வளவு ஊற்றுகிறாள் என்று நான் பார்த்தேன், நான் எவ்வளவு ஊற்றுகிறேன் என்று அவள் பார்த்தாள். வேலை முடிந்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை. மற்றவர்களைப் பீப்பாயோடு விட்டுவிட்டு முதலில் கிளம்ப ஒருத்திக்கும் மனசில்லை.

கோயில் மணி அடித்தது. ஐந்து பேரும் ஒன்றாக எழுந்தோம்.

அடுத்த நாள் ஒன்றும் இல்லை. அதற்கு அடுத்த காலை, மழை விட்டிருந்தது. தகரம் சொட்டுவதை நிறுத்தியிருந்தது. மைதிலி கூப்பிட்டனுப்பினாள். ஓடினோம்.

காதை வைத்தேன். முணுமுணு. முணுமுணு. பீப்பாய் பேசியது.

மாறி மாறிக் கேட்டோம். அது தன் மண்டிதான் என்றாள் லூர்து. தன்னுடையதுதான் என்றாள் மங்களமேரி. சந்தியாகு வந்தான். குனிந்து வெகுநேரம் கேட்டான். கடப்பாரையை எடுத்துக்கறேன் மதினி என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்கு அழுகை வந்தது.

பாதி அழுகையில் அந்த நினைப்பு வந்தது.

நாங்கள் போன பிறகு இங்கே அவள் மட்டும்தான் இருந்தாள். மேசை இழுப்பறையில் வெள்ளிப் பொட்டலம் இருந்தது. இப்போது உள்ளே பேசுவது யார்? எங்கள் மண்டியா, இங்கிலீஷ் எழுத்தா? அதுவாக இருந்தால் இனி கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் யாரோ பெற்ற பிள்ளைக்கு எங்கள் பேரை வைத்துக்கொண்டிருப்போம். எல்லோர் முன்னாலும் கேட்கவும் முடியாது. கேட்டால் எல்லாம் கெடும்.

மைதிலி கை கழுவ வெளியே போனாள். பின்னாலேயே போனேன்.

நான் கேட்கும் முன்பே சுடிதார் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

கத்தரிக்கோல் கவ்விய மூலையில் ஒரு மடிப்பு மட்டும் இருந்தது. வெட்டு இல்லை. நான்கு ஓரத்தையும் விரலால் தடவினேன். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். திருப்பிப் போட்டு இன்னொரு தடவை தடவினேன். அவள் பொறுமையாக நின்றாள்.

"போதுமாக்கா?"

போதும் என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஈரக் கை, சாற்றின் சிவப்பு நகக்கண்ணில் இன்னும் இருந்தது. பொட்டலத்தை இடுப்பில் செருகி முந்தானையை இழுத்து மூடினேன்.

மங்களமேரி கொட்டகை வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். "என்னக்கா அங்க, ரெண்டு பேரும்?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

அவள் நம்பவில்லை.