பெல்ட் நம்பர் ஒண்ணு

சாவு வீட்டுக்குத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போன பெண்கள் குடங்களோடு தெரு திரும்பும்போது குலசேகரன் முதலாளியின் கார் எதிரே வந்தது. கார் ஒதுங்கவில்லை. குடங்கள் ஒதுங்கின. முதல் குடம் ரேஷ்மியுடையது. வீட்டுக்குள் பெஞ்சில் கிடந்தது அவளுடைய அப்பா.

முதலாளி ஒரு கையில் மாலையும் மறு கையில் ஆலையின் நீலப் பதிவேடுமாக வந்தார். மாலையை அப்பாமேல் போட்டார். பதிவேட்டை ரேஷ்மியிடம் நீட்டினார்.

அவருடைய அரிசி ஆலையில்தான் அவளுக்கு எழுத்து வேலை. அப்பா பகவதியப்பனும் அங்கேதான் மெக்கானிக். நேற்று, கும்பப்பூ அறுப்பு நெல் குவிந்து கிடக்க, மழை கறுத்துவர, குடோன் கூரையில் உடைந்த ஷீட்டை மாற்ற ஏறினார். ஏறும்போது உடைந்த ஷீட் ஒன்று. இறங்கும்போது இரண்டு.

"மக்கா, நாலு மணிக்கு விசாரிக்க ஆப்பீசர் வருகாரு. 'பெல்ட் நம்பர் ஒண்ணு, பகவதியப்பன் பெற்றுக்கொண்டார்'னு போன மாசத் தேதியில ஒரு வரி எழுதிரு. நான் குடுத்தேன், அவன் போடல்ல. அவ்வளவுதான்."

"அப்பாவுக்கு நீங்க குடுக்கல்லியே, மொதலாளி."

"குடுக்கல்லண்ணு இனி யாரு சொல்லப்போறா? அவனா?"

கேட்டுவிட்டு அவரே ஒருமுறை பெஞ்சுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

ஆலையில் மூட்டை தூக்கும் சுயம்புராஜ் மாமா அவள் காதருகே குனிந்தார். "எழுதிரு பிள்ளே. நாளைக்கு ஆலை தொறந்தாத்தான் நம்ம ரெண்டு பேருக்கும் வேலை. உங்கம்மையை யாரு பாப்பா?"

உயரத்தில் ஏறுகிறவர்கள் கட்டிக்கொள்ளும் அந்தப் பாதுகாப்பு பெல்ட் ஆலைக்கு வந்ததே ரேஷ்மியால்தான். மனுஷ உயிர் என்று பேச்செடுத்தால் முதலாளிக்குக் கொட்டாவி வரும். ஆகவே 'ஒருத்தர் விழுந்தால் ஆலைக்கு என்ன நட்டம்' என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். மூன்று நாள் மூடல், தொட்டியில் ஊறிய நெல் புளிப்பது, காத்துக் கிடக்கும் லாரி, வக்கீல். அந்த நட்டத்துக்கு முந்நூறு பெல்ட் வாங்கலாம். முதலாளி கொட்டாவி விடவில்லை. அன்றே வடசேரிக்கு ஆள் அனுப்பி வாங்கினார். ஒன்று.

சரஸ்வதி பூஜைக்கு ஸ்பானர், திருப்புளியோடு பெல்ட்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் கண்ணாடி அலமாரியில் பூட்டினார். அப்பா ஒருநாள் கேட்டதற்கு, "கேறி எறங்கினா அழுக்காயிரும்லே. ஆப்பீசர் வந்தா எதக் காட்டது?" என்றார்.

அந்தத் தாளில், விழுகிறவர் இன்னார் என்று ரேஷ்மியும் பெயர் போட்டிருக்கவில்லை.

"பெல்ட்டும் கொண்டாந்திருக்கேன்," என்று பையைத் திறந்தார் முதலாளி. "நம்பரப் பாத்து எழுது."

கொக்கியில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. நடுவில் குங்குமம் அப்படியே இருந்தது.

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "அத மட்டும் தொடச்சிரு மக்கா. குடத்துல தண்ணி இருக்குல்லா."

ரேஷ்மி குடத்தைப் பார்த்தாள். அப்பாவைக் குளிப்பாட்ட எடுத்த தண்ணீர்.

"ஏட்டி, தண்ணியக் கொண்டா," என்றாள் அம்மா பிச்சம்மாள், பெஞ்சடியிலிருந்து. "எவ்வளவு நேரம் கெடப்பாரு?"

"ஒரு வரி எழுதணும்மா."

பேனாவைத் திறந்தாள். மாமா மூச்சு விட்டார். அவள் கையெழுத்து எப்போதும்போலக் குண்டு குண்டாக விழுந்தது. தேதி: சரஸ்வதி பூஜை. பொருள்: பெல்ட் ஒன்று. பெற்றுக்கொண்டவர்: யாருமில்லை. இருந்த இடம்: கண்ணாடி அலமாரி. சாவி: முதலாளி.

முதலாளி இரண்டு தடவை வாசித்தார்.

"நாளைக்கு வேலைக்கு வராண்டாம்."

"நாளைக்கு அப்பாவுக்குக் காடாத்து, மொதலாளி. எப்படியும் வரமாட்டேன்."

அவர் பதிவேட்டுக்குக் கை நீட்டினார். அதற்குள் அம்மா எழுந்துவந்து பதிவேட்டையும் பெல்ட்டையும் வாங்கி, அப்பாவின் தலைமாட்டில், நெல் நிறைத்த நாழிக்கும் விளக்குக்கும் பின்னால் வைத்தாள். செத்தவரின் தலைமாட்டு விளக்கைத் தாண்டிக் கை நீட்ட முதலாளிக்குத் துணிவில்லை. பித்தளை நாழியை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

பெண்கள் குடங்களைச் சாய்த்தார்கள். குளிப்பாட்டி, கோடித் துணி போர்த்தி, பாடையில் கிடத்தினார்கள். மாமா கயிறு கட்டினார். நெஞ்சில் ஒன்று, இடுப்பில் ஒன்று, முழங்காலில் ஒன்று. ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

"இன்னொரு கெட்டு போடுங்கலே," என்றார் யாரோ. "வழியில விழுந்துரப்பிடாது."

ரேஷ்மி கயிற்றின் நுனியை எடுத்துக் கொடுத்தாள்.