பாதையால் வந்த போதகர்

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மற்றச் சனங்களைப்போல நானும் மர வாங்கில் சாய்ந்து இருந்து பிரசங்கம் கேட்க வேண்டும். இதைப் பேராசை என்று யாராவது சொன்னால், அவரைப் பிடித்து எங்கள் சபைக்கு ஒரு மாதம் காரியதரிசியாகப் போட வேண்டும்.

குணசீலன் போதகர் மாற்றலாகிப் போகும்போது, "கொஞ்ச நாளைக்குப் பாத்துக்கங்க டீச்சர்" என்று கோயில் கதவுத் திறப்பை என் கையில் தந்துவிட்டுப் போனார். அந்தக் கொஞ்ச நாள் ஒரு வருசத்தைத் தொடப்போனது. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், இந்த ஞாயிறு யாரைப் பிரசங்கத்துக்குப் பிடிப்பது என்று போனும் கையுமாக நிற்பேன். பழுகாமத்தில் இருந்து ஒருவர் வந்தால் பிரசங்கம் நீளம். டவுனில் இருந்து ஒருவர் வந்தால் கட்டை. யாரும் வராத கிழமையில் நானே வேதம் வாசித்து, நானே ஜெபித்து, நானே கதவைப் பூட்டினேன். அதற்கும், "குணசீலன் பாஸ்டர் எண்டா இப்பிடிச் செய்ய மாட்டார்" என்றார்கள். அந்த மனுசன் இருந்த காலத்தில் அவரையும் இப்படித்தான் கரித்துக் கொட்டினார்கள்.

இதற்குள் ட்ரம்ஸ் சண்டை வேறு. எங்கள் இளைஞர்களுக்குத் தலைவன் நிலோஜன். அவன் அடிக்கத் தொடங்கினால் கோயில் ஓடு அதிரும். "அடிக்காட்டி செத்த வீடு மாதிரிக் கிடக்கு டீச்சர்" என்பான் அவன். "அடிச்சா எங்களுக்கு நெஞ்சு நோகுது புள்ள" என்பார்கள் வயது போனவர்கள். இரண்டு பக்கமும் முறைப்பாட்டோடு வருவது என் வீட்டுப் படலைக்குத்தான். யாரிடமும் நல்ல பெயர் வாங்க முடியவில்லை. களைத்துப் போனேன். சோறு தின்னும்போதே கண் மூடும்.

கடைசியில் நிலோஜன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். "புதுப் பாஸ்டர் வாறார், வாறார் எண்டு எத்தின தரம் சொல்லிட்டீங்க. இந்த முறையும் வராட்டி நாங்க முழுப்பேரும் அங்கால சபைக்குப் போறம்."

அக்கரையில் பெரிய மண்டபம் கட்டி ஒரு சபை நடக்கிறது. ஏற்கெனவே பல குடும்பங்கள் அங்கே போய்விட்டன. பொடியன்களும் போனால் மிச்சம் நாலு கிழடுகளும் நானும் திறப்பும்தான். அதற்குப் பிறகு மேலிடம் எங்கள் கோயிலைப் பூட்டிவிட்டு டவுனோடு சேர்த்துவிடும்.

அந்தக் கிழமைதான் புதியவர் எனக்குப் போன் எடுத்தார். பெயர் ஜெயரூபன். ஹட்டன் பக்கத்துப் பிள்ளை. படித்து முடித்து வருகிற முதல் சபை எங்களுடையது. இந்தப் பக்கம் கண்ணாலும் கண்டதில்லையாம்.

"டீச்சர், மட்டக்களப்பு வரைக்கும் பஸ்ல வந்துருவேன். அங்கேருந்து எப்படி வரணும்?"

"பாதையால வாங்க பாஸ்டர். இறங்கிற இடத்தில நாங்க எல்லாரும் நிப்பம்."

"பாதை நல்லமா டீச்சர்?"

"ஓம், ஓம். புதுப் பாதை. விட்டு ஆறு மாசமும் ஆகல்ல."

சனிக்கிழமை பின்னேரம் மாலை, பூ, குடை எல்லாவற்றோடும் துறையில் நின்றோம். வாவிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து எங்கள் பாதை மெல்ல மெல்ல வந்தது. இரும்பு மிதவையில் பலகை அடித்த பாதை. இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு ஆட்டோ, மீன் பெட்டிகள், சந்தைக்குப் போய்வந்த சனம் எல்லாம் இறங்கின. போதகர் இறங்கவில்லை. அடுத்த பாதையிலும் இல்லை. அதற்கு அடுத்ததிலும் இல்லை. போன் அடித்தால் ஓய்ந்து கிடந்தது. வெயிலில் மாலை வாடியது. அதோடு சனமும் வாடியது.

"முதல் நாளே இந்த எடுப்பா?" என்றது ஒரு குரல்.

"குணசீலன் பாஸ்டர் எண்டா..." என்று தொடங்கியது இன்னொன்று.

"வாயை மூடுங்க கா!" என்று கத்தினேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

நிலோஜன் பக்கத்தில் வந்தான். கோபத்தில் வந்திருந்தாலும் திருப்பிப் பேசியிருப்பேன். அவன் மெதுவாகத்தான் சொன்னான். "காணும் டீச்சர், விடுங்க. நீங்களும் எவ்வளவுக்கெண்டு இழுப்பீங்க? நாளைக்கு நாங்க அங்கால போறம்."

போங்கோடா, எனக்கும் ஏலா என்று சொல்ல வாய் திறந்தேன். அப்போதுதான் போன் அடித்தது. கோயிலுக்கு முன்வீட்டு அன்னப்பூரணி அக்கா.

"டீச்சர், உங்கட கோயில் வாசல்ல ஒரு பொடியன் பெட்டியோட குந்திட்டு இரிக்கான். சாமான் விக்க வந்தவனாக்கும் எண்டு, ஒண்டும் வேணாம் போ தம்பி எண்டு ரெண்டு தரம் துரத்திட்டன். போறான் இல்ல. கேட்டா பாஸ்டராம்!"

மாலையோடு எல்லாரும் ஓடினோம். பூட்டிய கதவுக்கு முன்னால், படியில், மீசை சரியாக அரும்பாத முகத்தோடு ஒருவர் எழும்பி நின்றார். கையில் அன்னப்பூரணி அக்கா கொடுத்த தேத்தண்ணி.

"எங்க பாஸ்டர் போனீங்க? நாங்க கரையில காயிறம்!" என்றேன்.

"நீங்கதானே டீச்சர் பாதையால வரச் சொன்னீங்க? பாலத்தைச் சுத்தி ரோட்டாலயேதான் வந்தேன். வந்து ஒரு மணித்தியாலம் ஆச்சு, போனும் செத்துப் போச்சு. புதுப் பாதைன்னு சொன்னீங்க, எல்லாம் குண்டும் குழியுமா இருக்கே?"

ஹட்டனில் பாதை என்றால் ரோட்டு என்பது எங்களில் ஒருவரின் மூளைக்கும் ஓடவில்லை. முதலில் நிலோஜன்தான் சிரித்தான். "பாஸ்டர், இங்க பாதை எண்டா தண்ணியில போறது!" அவர் முழித்த முழியைப் பார்த்து வயது போனவர்கள் பொக்கை வாயைத் திறந்து சிரித்தார்கள். அன்னப்பூரணி அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. குணசீலன் போதகர் போன பிறகு அந்த வாசலில் எல்லாரும் சேர்ந்து ஒன்றைச் செய்தது அன்றைக்குத்தான். நான் திறப்பை எடுத்து அவர் கையில் வைத்தேன். கை லேசாகிப் போனது.

மறுநாள் கோயிலுக்குப் போனால், எங்கே இருப்பது என்று தெரியவில்லை. ஒரு வருசமாகக் கதவடியில் நின்றே பழகியவள். என் பழைய இடத்தில் வேறு யாரோ இருந்தார்கள். ட்ரம்ஸுக்குப் பக்கத்து வாங்கில் நிலோஜனின் தாய் ஒதுங்கி, "இரிங்க டீச்சர்" என்றா. இருந்தேன். முதல் பாட்டு முடிந்தது. போதகர் வேதத்தை விரித்தார். "அன்பானவர்களே" என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது.

கண் விழித்தபோது சனம் வாசலில் கைகொடுத்துக்கொண்டு நின்றது. என் தலை நிலோஜனின் தாயின் தோளில் கிடந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆசைப்பட்ட ஒரே பிரசங்கத்தையும் தூங்கித் தொலைத்தேனே, பாவி!

"ஏண்டா என்னை எழுப்பல்ல?" என்று நிலோஜன் மேல் பாய்ந்தேன்.

"பாஸ்டர்தான் எழுப்ப வேணாமெண்டு கைகாட்டினவர்" என்றான் அவன்.

"கடைசிப் பாட்டுக்குமா நான் எழும்பல்ல? உன்ட ட்ரம்ஸுக்குப் பக்கத்திலயா படுத்துக் கிடந்தன்?"

அவன் குச்சி இரண்டையும் பைக்குள் வைத்து ஸிப்பை இழுத்து மூடினான்.

"நான் அடிக்கல்ல டீச்சர். எல்லாரும் மெல்லமாத்தான் பாட்டுப் படிச்சம்."

அழுதுவிட்டேன். அழுது முடிந்ததும், பழக்கத்தில், கதவைப் பூட்ட எழும்பினேன். போதகர் ஏற்கெனவே பூட்டிக்கொண்டிருந்தார்.