ஓரத்தில் இரண்டு விரற்கடை

துணை மேலாளராகப் பதவி உயர்வு கிடைத்த மாதம் அவர் வாங்கிய டிவி அது. அறுபத்தைந்து அங்குலம். அறையின் அகலம் பதினோரு அடி. டிவி வந்த நாளிலிருந்து கதவு முக்கால்வாசிதான் திறக்கும். வருகிறவர்கள் ஒருக்களித்து நுழைந்து, நிமிர்ந்ததும் முகத்துக்கு நேரே டிவியைப் பார்த்து, "பெரிசா இருக்கே" என்பார்கள். இதைக் கேட்பதற்காகவே அவர் கதவைச் சரிசெய்யவில்லை.

பார்சல் கம்பெனியின் புகார் பிரிவில் அவருக்குப் பத்தொன்பது வருடம். உடைந்த கண்ணாடி, நனைந்த புத்தகம், மூன்று காலோடு போய்ச் சேர்ந்த கட்டில் என்று யார் எதற்கு எழுதினாலும் பதில் அவர் வகுத்த வாசகத்தில்தான் போகும். 'தங்கள் புகாரைக் கவனமாகப் பரிசீலித்தோம். ஏழாம் நிபந்தனையைப் படித்துப் பார்க்கவும். தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.' இதில் ஒரு புள்ளியைக்கூட இதுவரை யாரும் மாற்றியதில்லை. ஏழாம் நிபந்தனையை அவரும் இதுவரை படித்ததில்லை.

பிரிவில் பன்னிரண்டு பேர். இனி நான்கு பேர் போதும் என்று கம்பெனி கண்டுபிடித்தது. யார் அந்த நான்கு பேர் என்பதை ஆன்லைன் தேர்வு சொல்லும். ஆபீஸ் மாடியை ஏற்கெனவே காலி செய்தாகிவிட்டதால் வீட்டிலிருந்தே எழுத வேண்டும், காமிரா பார்த்துக்கொண்டிருக்கும். அவருக்கு வயது ஐம்பத்தொன்று. இந்த வயதில் வேறிடத்தில் போய் நின்றால் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுப்பார்கள். வேலை கொடுக்க மாட்டார்கள். இது அவருக்கும் தெரியும், அவர் மனைவிக்கும் தெரியும். இருவரும் இதைப் பற்றி மட்டும் பேசிக்கொள்ளவில்லை.

வீட்டுக் கம்ப்யூட்டரில் பெட்டி நன்றாக இருந்தது, மானிட்டர் செத்துப்போயிருந்தது. அடுத்த வீட்டில் ஒன்று கேட்டு வாங்கலாமே என்றாள் மனைவி. இவ்வளவு பெரிய டிவியை வைத்துக்கொண்டு அடுத்த வீட்டு வாசலில் போய் மானிட்டருக்கு நிற்பதா என்று அவர் கேட்டார். பெட்டியின் வயரை டிவியில் செருகினார். சுவர் முழுக்கக் கம்ப்யூட்டர் விரிந்தது. அவர் இரண்டடி பின்னால் நகர்ந்து, கம்பெனி முதலாளியிடம்கூட இப்படி ஒன்று இருக்காது என்றார்.

மனைவிக்குக் கண் ஆஸ்பத்திரியில் வேலை. நோயாளிகளை உட்காரவைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்கிறவள். அந்தப் பழக்கத்தில் அவள் பார்வை எதிலும் நேராகக் கடைசி வரிக்குத்தான் போகும்.

"என்னங்க, கீழ கடிகாரத்துல நம்பருக்குத் தலை மட்டும்தான் தெரியுது. உடம்பு எங்க?"

"பெரிய படம்னா ஓரம் கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்."

"மவுஸ் அம்பும் கீழ போனா காணாமப் போயிடுது. தம்பிய வரச் சொல்லட்டுமா? ரெண்டு நிமிஷ வேலை."

அவள் தம்பி டிவிக் கடையில் வேலை பார்ப்பவன். வீடு வீடாகப் போய் டிவியைச் சுவரில் மாட்டுகிறவன். இந்த டிவியை மாட்டியதும் அவன்தான். ஆனால் மாட்டிய பிறகு அவனை யாருக்கும் மைத்துனன் என்று அவர் அறிமுகப்படுத்தியதில்லை.

"உன் தம்பி சுவத்துல ஆணி அடிக்கிறவன். இது கம்ப்யூட்டர்."

அவள் கையிலெடுத்த போனைத் திரும்ப வைத்தாள்.

தேர்வு காலை பத்து மணிக்கு. மொத்தம் தொண்ணூறு நிமிடம். இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, டிவியின் தலையில் ரப்பர் பேண்டால் கட்டிய காமிராவுக்கு எதிரே அவர் உட்கார்ந்தார். மனைவி லீவு போட்டுவிட்டு, அழைப்பு மணியைக் கழற்றிவைத்து, சமையலறைக் குழாயை இறுக்கி மூடி, அங்கேயே நின்றாள். முதலில் விதிமுறைகள் நீளமாக வந்தன. இதையெல்லாம் எவன் படிக்கிறான் என்பது புகார் பிரிவில் இருந்தவருக்குத் தெரியாதா? 'படித்துவிட்டேன்' என்பதை அழுத்தினார்.

பதினைந்து கேள்விகள். எல்லாம் அவர் கைப்பழக்கத்தில் இருப்பவை. இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார். பக்கத்தை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். வேறெதுவும் இல்லை. தொண்ணூறு நிமிடம் மற்றவர்களுக்காகக் கொடுத்தது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். ஒருமுறை அம்பு கீழே போய் மறைந்தது; தேடிப் பிடித்து மேலே இழுத்து வந்தார். பிறகு கைகட்டி, நாற்காலியில் சாய்ந்து, காமிராவைப் பார்த்து உட்கார்ந்தார். பரபரப்பில்லாத ஒரு மனிதனைக் கம்பெனி பார்க்கட்டும். எழுபது நிமிடம் அப்படியே இருந்தார். ஒருதரம் மெல்ல எட்டிப் பார்த்த மனைவிக்கு, கைகட்டிய அந்த முதுகைப் பார்த்ததும் பல நாளைக்குப் பிறகு மூச்சு சீராக வந்தது. 'நேரம் முடிந்தது. நன்றி' என்று திரை தானாகவே சொன்னது.

அந்த வாரம் அவர் நல்லவராக இருந்தார். வேலை போகப்போகிற எட்டுப் பேரின் பெயரையும் மனைவியிடம் சொல்லி, ஒவ்வொருவருக்காகவும் தனித்தனியே வருத்தப்பட்டார். அவள் ஆஸ்பத்திரியில் கேட்டிருந்த இரட்டை ஷிப்டை வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். அவளும் சொல்லிவிட்டாள். அது அன்றே வேறொருத்திக்குப் போய்விட்டது.

முடிவு வந்தது. முதல் பகுதி, பதினைந்துக்குப் பதினைந்து. இரண்டாம் பகுதி, முயலவில்லை. மூன்றாம் பகுதி, முயலவில்லை. நான்காம் பகுதி, முயலவில்லை.

"எந்த நாலாம் பகுதி?" என்று அவர் டிவியைக் கேட்டார்.

உடனே புகார் எழுதினார். எண் போட்டு, பத்தி பிரித்து, புகார் எப்படி எழுதப்பட வேண்டும் என்று இத்தனை வருடம் பொதுமக்களிடம் அவர் எதிர்பார்த்தாரோ அப்படி எழுதினார். இரண்டாம் நாள் பதில் வந்தது. காமிராப் பதிவில் எழுபது நிமிடம் அவர் கைகட்டி அமர்ந்திருப்பது தெளிவாக உள்ளது என்று ஒரு வரி. அதற்குக் கீழே, 'தங்கள் புகாரைக் கவனமாகப் பரிசீலித்தோம். ஏழாம் நிபந்தனையைப் படித்துப் பார்க்கவும். தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.'

வார்த்தை வார்த்தையாகப் படித்தார். ஒரு புள்ளிகூட மாறவில்லை. மறுத்து எழுத இடமில்லாத பதில் அது. அப்படி அமைய வேண்டும் என்றுதான் அவர் அதற்கு மூன்று மாதம் செலவழித்திருந்தார்.

மாலையில் மனைவி அவரிடம் சொல்லாமலே தம்பியை வரவழைத்தாள். அவன் ஒருக்களித்து நுழைந்தான். டிவியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பயிற்சிக்கென்று கம்பெனி கொடுத்திருந்து, அவர் தொட்டே பார்க்காத மாதிரித் தேர்வைத் திறக்கச் சொன்னான். ரிமோட்டை எடுத்து மூன்று பட்டனைத் தட்டினான். படம் நான்கு பக்கமும் இரண்டு விரற்கடை சுருங்கியது. கீழே, இவ்வளவு நாளும் கறுப்புச் சட்டத்துக்குப் பின்னால் இருந்த ஒரு பட்டை மேலே ஏறி வந்தது. அதில் 'பகுதி 1 / 4' என்று இருந்தது. பக்கத்தில் பச்சையாக, உள்ளங்கை நீளத்துக்கு, 'அடுத்த பகுதி' என்று ஒரு பட்டன்.

"டிவின்னா ஓரத்துல கொஞ்சம் வெட்டிதான் காட்டும் மாமா. சினிமா பாக்கிறப்ப தெரியாது. கம்ப்யூட்டருக்கு வேற செட்டிங் வெக்கணும். மாட்டும்போதே சொல்லலாம்னு இருந்தேன்..." என்று ஆரம்பித்தவன் அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

நான் அன்றைக்கே சொன்னேனே என்று அவள் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஒரு சத்தம் போட்டிருக்கலாம். அவள் அதற்கும் வழியில்லாமல், திரையின் கடைசி வரியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் பட்டனைப் பார்த்தார். எழுந்து போய், இருக்கிறதா என்று விரலால் தொட்டும் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"மாப்ளே," என்றார். இத்தனை வருடத்தில் அவனை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "பழையபடியே வெச்சிடு."

"எதுக்கு மாமா? இப்பதானே சரியாத் தெரியுது."

"தெரியுது. அதான் சொல்றேன், வெச்சிடு."

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் தலையை அசைத்தாள். ரிமோட்டை மூன்று முறை தட்டினான். படம் பெருத்து, பச்சைப் பட்டன் சட்டத்துக்குப் பின்னால் இறங்கியது. அவர் கைகட்டி, சாய்ந்து உட்கார்ந்தார். டிவியின் தலையில் காமிரா இன்னும் ரப்பர் பேண்டோடு இருந்தது. அதன் விளக்கு எரியவில்லை.